'பாஸ்' என்று சீட்டு கொடுத்த காது

இந்த வாரமும் அந்த வீடியோ வாட்ஸ்அப்பில் சுற்றுகிறது. பின்னாலிருந்து அம்மா கூப்பிடுகிறார், குழந்தை திரும்பிப் பார்க்கிறது. கீழே, "பிறவிச் செவிடுக்கு மருந்து வந்தாச்சு, எல்லோருக்கும் பகிரவும்." நான் ஆடியோலஜிஸ்ட், அதாவது காது கேட்கும் திறனைச் சோதிப்பவள் என்பதால் சொந்தக்காரர்கள் முதலில் எனக்குத்தான் அனுப்புவார்கள். என்னிடம் வரும் குழந்தைகளின் பெற்றோருக்கும் யாராவது அனுப்பிவிடுவார்கள். மறுநாள் காலையிலேயே போன் வரும்: "மேடம், நம்ம பாப்பாவுக்கு இதைப் பண்ணலாமா?"

செய்தி பொய்யில்லை. ஷாங்காயில் ஃபுடான் பல்கலைக்கழக மருத்துவமனைக்காரர்கள் ஆறு குழந்தைகளின் உள்காதில் மரபணுவைச் செலுத்தினார்கள். ஐந்து பேருக்குக் கேட்க ஆரம்பித்தது. 2024 ஜனவரியில் லான்செட் இதழில் வந்தது. காதுக்குள் ஒலியை வாங்கும் மயிர்செல், வாங்கியதை நரம்பிடம் ஒப்படைக்க ஓட்டோஃபெர்லின் என்ற புரதம் வேண்டும். அதற்கான மரபணு பழுதாகப் பிறந்த குழந்தைகள் அவர்கள். அந்த மரபணு, அதைச் செல்லுக்குள் சுமந்து போகும் வைரஸ் ஒன்றுக்குள் அடங்காத நீளம். அதனால் இரண்டு துண்டாக்கி, இரண்டு வைரஸ்களில் ஏற்றி, செல்லுக்குள் போய்ச் சேர்ந்துகொள்ளும்படி செய்தார்கள். படித்தபோது கைதட்டலாம் போலிருந்தது.

ஆனால் அந்தக் குழந்தைகளுக்குக் காதின் கட்டுமானம் முழுசாக இருந்தது. உள்காதின் சுருள் சரி, நரம்பு சரி, ஒரு புரதம்தான் குறை. கட்டுமானமே பாதியில் நின்றுபோன காதுக்கு இந்த மருந்தால் ஆவது ஒன்றுமில்லை. பிறவியிலேயே உள்காது பழுதான குழந்தைகளை ஸ்கேன் எடுத்தால், சுமார் ஐந்தில் ஒருவருக்கு எலும்பின் அமைப்பிலேயே கோளாறு தெரியும்.

இதை முதலில் கண்ணால் பார்த்து எழுதியவர் உடற்கூறியலாளர் கார்லோ மொண்டினி. 1791, இத்தாலியின் பொலோன்யா நகரம். எட்டு வயதுப் பையன், பிறவியிலேயே காது கேளாதவன். வண்டி காலில் ஏறி, புண் அழுகி இறந்துபோனான். மொண்டினி அவன் காதெலும்பை அறுத்துப் பார்த்தார். நத்தை ஓடு போன்ற காக்ளியா இரண்டரைச் சுற்று இருக்க வேண்டும். அவனுக்கு ஒன்றரைதான் இருந்தது. மேல்சுற்றுகள் பிரியாமல் ஒரே பையாக நின்றுவிட்டன. இன்றைக்கும் சிடி படத்தில் அதைப் பார்த்தால் 'மொண்டினி' என்றுதான் சொல்கிறோம். ஸ்கேன் இல்லாத காலத்தில் கத்தியும் கண்ணும் மட்டும் வைத்துக்கொண்டு ஒரு மனிதர் இவ்வளவு துல்லியமாகப் பார்த்திருக்கிறார்.

இந்தச் சுருள் எப்போது உருவாகிறது தெரியுமா? கருவின் நாலாவது வாரவாக்கில் தொடங்கி, பத்தாவது வாரத்துக்குள் சுற்று முடிந்துவிடும். பல பெண்களுக்குத் தாங்கள் உண்டாகியிருப்பதே அப்போதுதான் உறுதியாகியிருக்கும். ஏழாம் மாதம் கிரகணத்தன்று வெளியே போனதால்தான் இப்படி ஆச்சு என்று மருமகளைக் குற்றம் சொல்லும் மாமியார்களுக்கு இதைத்தான் சொல்வேன், நம்புகிறார்களோ இல்லையோ.

அமைப்பு தெரிந்தால் என்ன ஆகப்போகிறது என்று கேட்பவர்கள் உண்டு. எல்லாமே மாறும். கேள்நரம்பை மின்சாரத்தால் தூண்ட உள்காதில் வைக்கும் காக்ளியர் இம்ப்ளாண்டில் எந்த நீள எலக்ட்ரோடு போடுவது, திறக்கும்போது மூளைத் தண்டுவட நீர் பீய்ச்சி அடிக்குமா, இதெல்லாம் படத்தைப் பார்த்துத்தான் முடிவாகும். அடிக்கடி மூளைக்காய்ச்சல் வரும் குழந்தைக்கு, கிருமி நுழையும் வாசல் உள்காதாகவே இருக்கலாம். நிமோகாக்கல் தடுப்பூசி போட்டாச்சா என்று முதலில் கேட்க வேண்டியது இவர்களிடம்தான். எம்ஆர்ஐயில் கேள்நரம்பே காணோம் என்றால் இம்ப்ளாண்டில் பெரிய பலன் எதிர்பார்க்க முடியாது. அவர்களுக்கு மூளைத்தண்டிலேயே வைக்கும் இம்ப்ளாண்ட் இருக்கிறது. 1979இல் லாஸ் ஏஞ்சலஸில் முதல்முறை வைத்தார்கள்.

இப்போது என் கோபத்துக்கு வருகிறேன். பிறந்த குழந்தைக்குக் காதுப் பரிசோதனை செய்யும் இடங்கள் பல, ஓஏஇ என்ற ஒரே டெஸ்டோடு நிறுத்திக்கொள்கின்றன. பால் குடித்துத் தூங்கும் குழந்தையின் காதில் சின்ன முனையை வைத்தால், ஓரிரு நிமிடத்தில் திரையில் 'பாஸ்' என்று வரும். நல்ல டெஸ்ட்தான். 1978இல் லண்டனில் டேவிட் கெம்ப் கண்டுபிடித்த சங்கதி: காதுக்குள் ஒலி போனால், வெளிவரிசை மயிர்செல்கள் ஒரு சின்ன ஒலியைத் திருப்பி அனுப்பும். அந்தச் செல்கள் வேலை செய்கின்றனவா என்பதைத்தான் அது சொல்லும். அதற்கப்பால் ஒலி நரம்புக்குப் போனதா, மூளைக்குப் போனதா என்று அதற்குத் தெரியாது. நரம்பே இல்லாத குழந்தைக்கும் 'பாஸ்' வரலாம். ஓட்டோஃபெர்லின் குறையோடு பிறந்த குழந்தைக்கும் வரும். வீடியோவில் திரும்பிப் பார்க்கிறதே, அதே குறையுள்ள குழந்தை நம் ஊரில் பிறந்திருந்தால், காது நன்றாக இருக்கிறது என்று சீட்டு எழுதி வீட்டுக்கு அனுப்பியிருப்போம்.

அப்படி ஒரு சீட்டை பத்திரமாக ஃபைலில் வைத்துக்கொண்டு ஒரு குடும்பம் வந்தது. குழந்தைக்கு இரண்டு வயது தாண்டிவிட்டது, ஒரு சொல் பேசவில்லை. "கதவைச் சாத்தினா திரும்பிப் பார்ப்பானே" என்றார் பாட்டி. தரையின் அதிர்வுக்குத் திரும்பியிருக்கிறான். 'பாஸ்' சீட்டு இருந்ததால் யாரும் சந்தேகப்படவில்லை. "ஆம்பளைப் பிள்ளை, லேட்டாத்தான் பேசுவான்" என்று ஆறுதல் சொல்லியே காலம் போயிருக்கிறது. நெற்றியிலும் காதுக்குப் பின்னாலும் எலக்ட்ரோடு ஒட்டி, தூங்க வைத்து, ஒலி நரம்பு வழியாக மூளைத்தண்டுக்குப் போகிறதா என்று பார்க்கும் பெரா டெஸ்ட் எடுத்தோம். கோடு தட்டையாக வந்தது.

முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்தில் இம்ப்ளாண்டுக்கு ஆறு வயது வரம்பு. மூளை தரும் அவகாசம் அதைவிடக் குறைவு. முதல் மூன்று வருடத்துக்குள் ஒலியோ சைகைமொழியோ, ஏதோ ஒரு மொழி உள்ளே போயாக வேண்டும்.

எல்லாக் குழந்தைக்கும் பெரா எடுக்க ஆளும் இயந்திரமும் இப்போது இல்லை, தெரியும். இன்குபேட்டரில் இருந்தவர்கள், மஞ்சள் காமாலை கடுமையாக வந்தவர்கள், குடும்பத்தில் காது கேளாதவர் உள்ளவர்கள், இவர்களுக்காவது தானியங்கி பெரா எடுக்காமல் டிஸ்சார்ஜ் செய்யக் கூடாது என்று அரசு உத்தரவு போடலாம். அது வரும்வரை பெற்றோர் நீங்களே கேளுங்கள்: "எடுத்தது ஓஏஇயா, பெராவா?" ஓஏஇ மட்டும்தான் என்றால், ஃபைலில் 'பாஸ்' இருந்தாலும் ஒரு வயதுக்குள் பேர் சொல்லிக் கூப்பிட்டும் திரும்பாத குழந்தையை ஆடியோலஜிஸ்டிடம் கூட்டிப் போங்கள்.