கழற்றச் சொல்லவில்லை, பெயர் எழுதச் சொன்னேன்

போன வாரம் நான் எழுதினேனே, காபிக் கடைச் சுவரில் இருந்த பழைய பந்தயப் படம், அதைக் கழற்றிவிட்டார்களாம். நேற்று ராத்திரி மூன்று பேர் போட்டோ எடுத்து அனுப்பியிருக்கிறார்கள். ஃபிரேம் மாட்டியிருந்த ஆணியில் இப்போது ஒரு மணி பிளான்ட் தொங்குகிறது. "அண்ணே, சாதிச்சிட்டீங்க" என்கிறார் ஒருவர். கூடவே கை தட்டும் பொம்மைகள்.

எதைச் சாதித்தேன் என்று எனக்குப் புரியவில்லை. நான் படத்தைக் கழற்றச் சொல்லவே இல்லை. கீழே பெயர் எழுதச் சொன்னேன். அவ்வளவுதான் கேட்டேன்.

போன ஞாயிற்றுக்கிழமைப் பதிவைப் பாதி படித்துவிட்டுச் சண்டைக்கு வந்தவர்களுக்காக இன்னொரு முறை. அந்தக் காபிக் கடை மேல் எனக்குத் தனிப்பட்ட கோபம் எதுவும் இல்லை. (சரி, கொஞ்சம் இருக்கிறது. ஃபில்டர் காபிக்கு 240 ரூபாய் வாங்கினால் யாருக்குத்தான் இருக்காது.) பழைய பந்தயப் படத்தைச் சுவரில் மாட்டியது தப்பு என்றும் சொல்லவில்லை. மாட்டட்டும், நல்ல விஷயம்தான். அதன் கீழே அழகான எழுத்தில் "மெட்ராஸ் ரேஸ், 1970கள்" என்று போட்டிருந்தார்களே, அதைத்தான் சொன்னேன். படத்தில் இருப்பது யமஹா ஆர்எக்ஸ் 100. அந்த வண்டி நம் ஊருக்கு வந்ததே 1985இல். 1970களில் அதை யார் ஓட்டியிருப்பார்கள்?

அது சோழவரம் பந்தயத் தடம். 1987. எனக்கு அப்போது ஒன்பது வயது. படத்தில் தெரிகிற வைக்கோல் கட்டுகளுக்குப் பின்னால்தான் எங்கேயோ நின்றிருக்கிறேன். இடது ஓரத்தில் ஃபிரேமுக்காகப் பாதி முகம் வெட்டப்பட்டு ஒருவர் நிற்கிறார் இல்லையா, கையில் பலகை, கழுத்தில் ஸ்டாப்வாட்ச்? அவர் என் அப்பா. அந்த வாட்சைக் கறுப்பு ஷூ லேஸில் கட்டித்தான் போட்டிருப்பார். இடது கட்டைவிரலில் துணி சுற்றியிருக்கிறது. அதற்கு முந்தின வாரம் கிரைண்டரில் கிழித்துக்கொண்டது, வீட்டில் அம்மாதான் கட்டுப் போட்டாள். பாதி முகம் போதும் எனக்கு. அந்தக் கட்டைவிரல் மட்டும் இருந்திருந்தாலும் போதும்.

மேனேஜரிடம் சொன்னேன். அந்தப் பையன் மரியாதையாகத்தான் பேசினான். "அது சும்மா டெகரேஷன் சார், நெட்ல எடுத்தது" என்றான். அப்பாவின் பெயரை ஒரு டிஷ்யூ பேப்பரில் எழுதிக் கொடுத்துவிட்டு வந்தேன். அதற்குப் பதில்தான் மணி பிளான்ட்.

"இதுக்குப் போய் இவ்வளவு நீளப் பதிவா, இது என்ன கீழடியா?" என்று ஒரு தம்பி கேட்டிருந்தார். கீழடி இல்லை தம்பி. கீழடியிலாவது பானை ஓட்டில் பெயரைக் கீறி வைத்துவிட்டுப் போயிருக்கிறார்கள். நம் ஆட்கள் போட்டோவின் பின்பக்கம்கூட ஒரு வரி எழுதவில்லை.

2024 ஆகஸ்ட் கடைசியில் தீவுத்திடலைச் சுற்றி மூன்றரை கிலோமீட்டருக்கு விளக்குப் போட்டு ராத்திரிப் பந்தயம் நடத்தினார்களே, அன்று என் டைம்லைன் முழுக்க ஒரே வரிதான்: "சென்னைக்கு ரேஸ் வந்துவிட்டது!" எனக்குச் சிரிப்பும் வரவில்லை, அழுகையும் வரவில்லை. 1950களிலிருந்து இந்த ஊரில் பந்தயம் ஓடியிருக்கிறது. செங்குன்றம் தாண்டி, இரண்டாம் உலகப் போர் நேரத்தில் போட்ட விமான ஓடுதளத்தில், ஆங்கில 'T' எழுத்து மாதிரியான தடத்தில். மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப் அதை வருஷா வருஷம் நடத்தியது. பிப்ரவரி வந்தால் திருவிழா மாதிரி. புளிசாதம் கட்டிக்கொண்டு குடும்பத்தோடு பஸ் ஏறிப் போவார்கள். 1990இல் இருங்காட்டுக்கோட்டையில் நிரந்தரத் தடம் வந்த பிறகு சோழவரம் ஓய்ந்தது. இன்று அந்தப் பெயரைச் சொன்னால் ஏரி மட்டும்தான் எல்லாருக்கும் ஞாபகம் வருகிறது, அதுவும் கோடையில் தண்ணீர்ப் பஞ்சம் வரும்போது.

"நரேன் கார்த்திகேயனைப் பற்றி எல்லாருக்கும் தெரியுமே, வரலாறு எங்கே அழிந்தது?" இது இன்னொருவர். தெரியும் சார். 2005இல் ஃபார்முலா ஒன் ஓட்டிய முதல் இந்தியர். அதே வருஷம் இண்டியானாபோலிஸில் நாலாவதாக வந்தார். ஆனால் அவர் வானத்திலிருந்து குதிக்கவில்லையே. அவர் அப்பா ஜி.ஆர். கார்த்திகேயன் தென்னிந்திய ராலியை ஏழு முறை ஜெயித்தவர். நரேன் பழகிய ஃபார்முலா மாருதி வண்டி, கோவையில் கரிவரதன் என்ற மனிதர் மாருதி 800இன் எஞ்சினை வைத்துச் செய்தது. வீட்டில் சாமான் வாங்கப் போகிற வண்டியின் எஞ்சினில் ஒற்றை இருக்கைப் பந்தயக் கார்! கரிவரதன் 1995இல் விமான விபத்தில் இறந்துபோனார். செட்டிபாளையத்துத் தடத்துக்கு 2003இல் அவர் பெயரை வைத்தார்கள், கரி மோட்டார் ஸ்பீட்வே. அங்கே போகிற பசங்களில் பத்துப் பேரைக் கேட்டுப் பாருங்கள், 'கரி' என்றால் யார் என்று. தடத்தின் நிறம் என்று சொன்ன ஒருவனை நானே பார்த்திருக்கிறேன்.

அஜித் ரசிகர்கள் வேறு வந்து திட்டிவிட்டுப் போனார்கள். நான் அவரைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை. அவரும் அந்த ஃபார்முலா மாருதி வழியாக வந்தவர்தான் அப்பா, நான் உங்கள் பக்கம்தான்.

நிறைய லைக் வாங்கிய கமென்ட்டுக்கு வருகிறேன். "பணக்காரப் பசங்க விளையாட்டு, அதுக்கு என்ன வரலாறு வேண்டிக் கிடக்கு?" இதில் பாதி உண்மை இருக்கிறது, மறுக்கவில்லை. சோழவரத்துக்கு மகாராஜா வீட்டுப் பிள்ளைகள் வந்தார்கள். விஜய் மல்லையா என்சைன் ஃபார்முலா ஒன் காரையே கொண்டுவந்து ஓட்டினார். பார்த்தீர்களா, மல்லையா பெயர் உங்களுக்கும் தெரியும், எனக்கும் தெரியும், அவர் பெயரை யாரும் எழுதி வைக்கவே தேவையில்லை. ராத்திரி முழுக்கப் பெட்ரோமாக்ஸ் வெளிச்சத்தில் உட்கார்ந்து சிலிண்டரை அரம் போட்டுத் தேய்த்தவன் பெயர்தான் யாருக்கும் தெரியவில்லை. என் அப்பா மாதச் சம்பளத்துக்கு லேத் பட்டறையில் இருந்தவர். எங்களுடையது அயனாவரத்தில் ஒற்றை அறை வீடு. பணக்கார விளையாட்டாம். எங்கள் வீட்டுக்கு வந்த ஒரே பணக்கார விஷயம் விளக்கெண்ணெய் வாசனைதான். பந்தய வண்டிக்கு ஊற்றுகிற டூ ஸ்ட்ரோக் ஆயிலின் வாசனை அது. பிப்ரவரி மாதம் முழுக்க அப்பாவின் சட்டையை அம்மா தனியாகத் துவைப்பாள்.

அவரிடம் ஒரு நோட்டு இருந்தது. கோடு போட்ட நாற்பது பக்க நோட்டு. ஒவ்வொரு பந்தயத்துக்கும் அதில் ஒரு பக்கம். காலையில் பனி இருக்கும்போது கார்பரேட்டரில் என்ன ஜெட் (பெட்ரோல் போகிற சின்னத் துளை) போட்டார், பத்து மணிக்கு வெயில் ஏறியதும் எந்த நம்பருக்கு மாற்றினார், ஸ்பார்க் பிளக் என்ன நிறத்தில் வந்தது, எல்லாம் பென்சிலில் எழுதியிருப்பார். குளிர்ந்த காற்று அடர்த்தியாக இருக்கும், அதற்குப் பெட்ரோல் கூட வேண்டும் என்பதெல்லாம் அவர் சொல்லித்தான் எனக்குத் தெரியும். பிளக்கைக் கழற்றிக் காட்டுவார். முனை வெள்ளையாக இருந்தால் பெட்ரோல் பத்தவில்லை, பிஸ்டன் ஓட்டை விழும். கறுப்பாக இருந்தால் அதிகம், வண்டி இழுக்காது. "நல்ல டிகாக்ஷன் கலர்ல வரணும்டா" என்பார். பரீட்சைக்குக்கூட எனக்கு இவ்வளவு பொறுமையாக எதையும் சொல்லிக் கொடுத்ததில்லை.

"ரேஸ் ரேஸ்னு சொல்லிப் பிள்ளைகளைச் சாகடிக்காதீங்க" என்று எழுதிய அக்காவுக்கு. நீங்கள் சொல்வதைத் தட்டிக்கழிக்க என்னால் முடியவில்லை. 2023 ஜனவரியில் இருங்காட்டுக்கோட்டையில் கார் பந்தய வீரர் கே.இ. குமார் 59 வயதில் பந்தயத்தின்போதே போய்விட்டார். அதே ஆண்டு ஆகஸ்டில், அதே தடத்தில், பைக் பந்தயத்தில் 13 வயதுப் பையன் ஒருவன். என் தங்கை மகன் கார்ட்டில் (சின்னப் பந்தய வண்டி) உட்கார்ந்து ஹெல்மெட் வாரைப் பூட்டும்போதெல்லாம் அந்தப் பையன்தான் ஞாபகம் வருகிறான். இதற்கு என்னிடம் பதில் இல்லை. ஆனால் ரோட்டில் ராத்திரி வீலிங் செய்கிறவனையும் இவர்களையும் ஒரே தட்டில் வைக்காதீர்கள். அப்புறம், அந்தப் பையனை மறந்துவிடுவதா நாம் செய்யக்கூடியது? எந்த வளைவில், எப்படி நடந்தது என்று எழுதி வைத்தால்தானே அடுத்த பிள்ளையை அங்கே ஜாக்கிரதையாக அனுப்ப முடியும்.

தங்கை மகன் கதையைச் சொன்னால்தான் என் எரிச்சல் புரியும். பதினோரு வயது. கார்ட்டிங்கில் சின்னப் பசங்களுக்கான மைக்ரோ வகுப்பில் ஓட்டுகிறான். போன வருஷம் ஒரு போட்டியில் ஆறாவதாக வந்தான். ரிசல்ட் தாளைக் கண்ணாடியில் செல்லோடேப் போட்டு ஒட்டியிருந்தார்கள். அப்பாக்கள் எல்லாம் முண்டியடித்து ஃபோனில் படம் எடுத்தார்கள். சாயங்காலம் மழை வந்தது, தாள் தொங்கிப்போய்த் தரையில் கிடந்தது. நான் அதை எடுத்துக் காயவைத்து வீட்டுக்குக் கொண்டுவந்தேன். தங்கை, "என்னண்ணா குப்பையெல்லாம்" என்றாள். இந்த வருஷம் அவன், "மாமா, போன வருஷம் என் பெஸ்ட் லேப் எவ்வளவு?" என்று கேட்டபோது இணையத்தில் தேடினோம். அந்தப் பக்கமே திறக்கவில்லை. என் பீரோவில் இருந்த அந்தக் குப்பையில்தான் இருந்தது. ஆறாவது வரி. இனிஷியலோடு அவன் பெயர். அதைப் பார்த்தபோது அவன் முகம் எப்படி மாறியது தெரியுமா?

ஜெயித்தவனுக்குக் கோப்பை இருக்கிறது. ஆறாவதாக வந்தவனுக்கு அந்தத் தாள்தான். அதனால்தான் சொல்கிறேன், எழுதுங்கள். கோப்பையை யாரும் துடைக்காவிட்டால் போகிறது, போட்டோவின் பின்னால் யார், எந்த வருஷம், எந்த இடம் என்று ஒரு வரி எழுதுங்கள். ஃபோனில் இருந்தால் பெயர் போட்டுச் சேமியுங்கள். இதற்கு மியூசியம் தேவையில்லை, அரசாணை தேவையில்லை. பால்பாயிண்ட் பேனா வேண்டாம், போட்டோவில் அழுந்திவிடும். பென்சில் போதும்.

"பெரிய ஒழுங்கு மாதிரி பேசுறீங்களே, அப்பாவோட நோட்டை நீங்க வெச்சிருக்கீங்களா?" இதை யாரும் கேட்கவில்லை. கேட்பதற்கு முன்னால் நானே சொல்லிவிடுகிறேன். இல்லை. 2009இல் வீடு மாற்றினோம். மாடிப்படிக்கு அடியில் ஒரு தகரப் பெட்டி இருந்தது. பழைய பிஸ்டன், துருப்பிடித்த செயின், எண்ணெய்ப் பிசுக்குப் பிடித்த பேப்பர்கள். லாரி வாசலில் நின்றுகொண்டிருந்தது. காயலான் கடைக்காரரிடம் பெட்டியோடு எடுத்துக்கொள்ளச் சொன்னேன். எடை போட்டு நூற்றிப்பத்து ரூபாய் கொடுத்தார். அப்பா அப்போது உயிரோடு இருந்தார். திண்ணையில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டுதான் இருந்தார். ஒன்றும் சொல்லவில்லை. இரண்டு நாள் கழித்து, "அந்தப் பெட்டியில என் நோட்டு இருந்துச்சாடா?" என்று மட்டும் கேட்டார். இல்லைப்பா என்று சொன்னேன்.

எனவே மேனேஜர் தம்பி, உன் மேல் எனக்கு என்ன கோபம் இருக்க முடியும்.

இன்னொன்று. டிஷ்யூ பேப்பரில் அப்பாவின் பெயரை எழுதிவிட்டு அடுத்த பெயரை எழுதப் போனபோதுதான் உறைத்தது. படத்தின் நடுவில் வண்டி மேல் படுத்த மாதிரி வருகிறானே ஒரு பையன், பலகையில் அப்பா லேப் எழுதிக் காட்டுவதே அவனுக்காகத்தான். அவன் பெயர் எனக்கும் தெரியவில்லை. எங்கள் வீட்டுக்கு வந்து சாப்பிட்டிருக்கிறான், எனக்கு ஒரு முறை ஆரஞ்சு மிட்டாய் வாங்கிக் கொடுத்திருக்கிறான். அப்பா அவனை 'பெரம்பூர்' என்றுதான் கூப்பிடுவார். அப்பாவோடு பட்டறையில் இருந்த மாமா ஒருவர் வில்லிவாக்கத்தில் இருக்கிறார், அவருக்கு ஃபோன் செய்தேன். "ஜான்னு கூப்பிடுவாங்க... இல்ல, ஜானி. இல்லப்பா, அது வேற பையன்" என்றார்.

படத்தைக் கமென்ட்டில் போட்டிருக்கிறேன். வெள்ளை ஹெல்மெட், வண்டி நம்பர் 34, வலது முழங்காலில் சாக்குத் துணி மாதிரி எதையோ வைத்துத் தைத்திருக்கிறது. சோழவரம், 1987 பிப்ரவரி. இப்போது அறுபதை ஒட்டி வயது இருக்கும். பெரம்பூர், அகரம், ஜமாலியா பக்கம் யாருக்காவது சித்தப்பாவோ தாத்தாவோ இப்படி ஒருவர் இருந்தால் அவரிடம் படத்தைக் காட்டுங்கள். நம்பரை இங்கே பொதுவில் போட வேண்டாம், இன்பாக்ஸுக்கு வாருங்கள்.