இரண்டாவது பிக்கில் குவார்ட்டர்பேக் வேண்டாம் சாமி!

தை பிறந்தால் வழி பிறக்கும் என்பார்கள். நியூயார்க் ஜெட்ஸ் என்கிற அமெரிக்கக் கால்பந்து அணியின் ரசிகனுக்குத் தை பிறந்தால் டிராஃப்ட் பேச்சுதான் பிறக்கும். மற்ற அணிக்காரர்கள் ஜனவரியில் ப்ளேஆஃப், அதாவது நாக்-அவுட் சுற்று, பார்க்கிறார்கள். நாங்கள் முன்பின் தெரியாத கல்லூரிப் பையன்களின் உயரம், எடை, கை நீளம் எல்லாவற்றையும் மனப்பாடம் செய்துகொண்டிருக்கிறோம். ஜெட்ஸ் கடைசியாக ப்ளேஆஃப் ஆடியது 2011 ஜனவரியில். பிட்ஸ்பர்க்கில் 24-19 என்று தோற்றார்கள். அதோடு சரி. அந்த வருஷம் பிறந்த பிள்ளைகள் இன்று பள்ளிக்கூட அணியிலேயே கால்பந்து ஆடுகிறார்கள், எங்கள் அணியைவிட நன்றாக.

என்.எஃப்.எல். என்கிற இந்த அமெரிக்கக் கால்பந்து லீக் பக்கம் வராதவர்களுக்காகச் சுருக்கமாக ஒன்று. இது ஐபிஎல் ஏலம் இல்லை; காசைக் கொட்டி ஆளைத் தூக்க முடியாது. கல்லூரியிலிருந்து வருகிற ஆட்டக்காரர்களை 32 அணிகளும் வரிசையில் நின்று ஒவ்வொருவராக எடுக்கும். இதுதான் டிராஃப்ட்; ஒவ்வொரு முறை எடுக்கிற வாய்ப்பும் ஒரு பிக். மொத்தம் 7 ரவுண்டு. யார் மோசமாக ஆடினார்களோ அவர்களுக்கு முன்வரிசை. அதாவது தோற்றவனுக்கு ஆறுதல் பரிசு. அந்த ஆறுதல் பரிசைக்கூட வாங்கத் தெரியாமல் கீழே போட்டு உடைக்கிற அணி ஒன்று உண்டென்றால் அது எங்களுடையதுதான்.

2025 சீசனில் 3 வெற்றி, 14 தோல்வி. அந்தச் சாதனைக்காக 2026 டிராஃப்டில் இரண்டாவது பிக் கிடைத்திருக்கிறது. உடனே ஆரம்பித்துவிட்டார்கள். அலுவலகத்தில், முடிவெட்டுகிற இடத்தில், வாட்ஸப் குழுவில், எங்கே போனாலும் ஒரே பாட்டு: "குவார்ட்டர்பேக் எடுக்கணும், குவார்ட்டர்பேக் எடுக்கணும்." குவார்ட்டர்பேக் என்றால் அஃபென்ஸை, அதாவது தாக்குகிற பக்கத்தை, நடத்திப் பந்தை எறிகிற ஆள். ஏன்யா, இதே பாட்டைப் பாடித்தானே இந்தக் கதிக்கு வந்தோம்?

குவார்ட்டர்பேக் தேவை இல்லை என்று சொல்ல நான் பைத்தியம் இல்லை. அக்டோபரில் லண்டனில் டென்வரோடு ஆடினார்கள். அங்கே மதிய ஆட்டம், இங்கே நியூ ஜெர்சியில் காலை ஒன்பதரை. இட்லித் தட்டோடு உட்கார்ந்தவன் எழுந்திருக்கும்போது கணக்கு இதுதான்: அப்போதைய குவார்ட்டர்பேக் ஜஸ்டின் ஃபீல்ட்ஸ் எறிந்து சேர்த்தது 45 யார்டு, ஒன்பது முறை சாக் ஆகி, அதாவது எறிவதற்குள் எதிரணியிடம் மாட்டி விழுந்து, இழந்தது 55 யார்டு. நிகரமாக மைனஸ் பத்து! மொத்த ஆட்டமும் பந்தையே எறியாமல் சும்மா நின்றிருந்தால் பத்து யார்டு லாபம். இதில் கொடுமை என்னவென்றால், டிஃபென்ஸ், அதாவது தடுக்கிற பக்கம், உயிரைக் கொடுத்து ஆடி, தோல்வியை 13-11 என்ற அளவில் நிறுத்தியிருந்தது. ஃபீல்ட்ஸுக்கு இரண்டு வருஷத்துக்கு 4 கோடி டாலர் ஒப்பந்தம். அதே மாதம் அணியின் உரிமையாளரே பத்திரிகைக்காரர்கள் முன்னால் அவரைக் குறை சொன்னார். ஐயா, அந்தச் செக்கில் கையெழுத்துப் போட்டது யார்?

ஆக, தேவை இருக்கிறது. தேவை இருக்கிறது என்பதற்காக கையில் கிடைத்ததை அள்ளிக்கொண்டு வருவதுதான் எனக்கு வயிற்றெரிச்சல்.

2018-ஐ எடுத்துக்கொள்ளுங்கள். ஆறாவது இடத்தில் இருந்த ஜெட்ஸ், மூன்று இடம் முன்னேறுவதற்காக இண்டியானாபொலிஸ் கோல்ட்ஸுக்கு மூன்று இரண்டாம் ரவுண்டு பிக்குகளைக் கொடுத்தது. எடுத்தது சாம் டார்னால்டை. ஏழாவதாக பஃபலோ எடுத்தது ஜாஷ் ஆலன். முதல் ரவுண்டின் கடைசி ஆளாக, 32-ஆவதாக பால்டிமோர் எடுத்தது லமார் ஜாக்சன். ஒருவர் எம்விபி, அதாவது சீசனின் தலைசிறந்த ஆட்டக்காரர் விருது வாங்கியவர்; இன்னொருவர் இரண்டு முறை எம்விபி. ஆலன் எங்கள் டிவிஷன் என்கிற சிறு குழுவிலேயே இருப்பதால் வருஷத்துக்கு இரண்டு தடவை நேரில் வந்து ஞாபகப்படுத்திவிட்டுப் போகிறார்.

டார்னால்ட் பாவம், 21 வயதுப் பையன். பாதுகாக்க உருப்படியான தடுப்பு லைன் இல்லை, பந்தைப் பிடிக்க ஆள் இல்லை. 2019-ல் நியூ இங்கிலாந்தோடு ஒரு திங்கட்கிழமை இரவு ஆட்டம், 33-0. பெஞ்சில் உட்கார்ந்துகொண்டு "பேயெல்லாம் கண்ணில் தெரிகிறது" என்று அவர் புலம்பியது மைக்கில் விழுந்து ஊருக்கே ஒலிபரப்பானது. மூன்று வருஷத்தில் கரோலினாவுக்குத் தள்ளிவிட்டார்கள். அப்புறம்? 2024-ல் மினசோட்டாவோடு 14 வெற்றி. 2025 சீசனில் சியாட்டிலை அவர்கள் கான்ஃபரன்ஸில், அதாவது லீக்கின் அவர்கள் பாதியில், முதலிடத்தில் கொண்டுபோய் நிறுத்தினார். இதே சியாட்டிலுக்குப் போய்த்தான் 2022-ல் குவார்ட்டர்பேக் ஜீனோ ஸ்மித்தும், சரிந்து மீண்டவருக்கான 'கம்பேக் பிளேயர்' விருது வாங்கினார். அவரும் எங்கள் டிராஃப்ட் பிக், 2013, இரண்டாம் ரவுண்டு. ஒரு வீட்டுக்கு வாக்கப்பட்டு வந்து அழுதுகொண்டே போன மருமகள்கள் எல்லாம் வேறு இடத்தில் சிரித்துக்கொண்டு வாழ்கிறார்கள் என்றால், ஊர் யாரைச் சந்தேகப்படும்? மாமியாரைத்தானே?

2021-ல் எடுத்த குவார்ட்டர்பேக் சாக் வில்சன் கதையைச் சொல்லாமல் விட்டால் நெஞ்சு ஆறாது. ஆனால் அதற்கு முன்னால் 2020 டிசம்பர். 13 ஆட்டத்தில் 13 தோல்வி. இன்னும் மூன்றையும் தோற்றால் முதல் பிக் கிடைக்கும், எல்லோரும் ஆசைப்பட்ட கல்லூரிக் குவார்ட்டர்பேக் ட்ரெவர் லாரன்ஸ் கையில். தோற்பதற்கு என்ன திறமை வேண்டும்? டிசம்பர் 20 அன்று ராம்ஸை அவர்கள் ஊரிலேயே போய் 23-20 என்று ஜெயித்துவிட்டு வந்தார்கள். அடுத்த வாரம் கிளீவ்லாண்டையும் ஜெயித்தார்கள். அணி ஜெயித்ததற்கு ரசிகன் தலையில் கை வைத்து உட்கார்ந்தது உலகத்திலேயே நாங்களாகத்தான் இருப்போம். லாரன்ஸ் ஜாக்சன்வில்லுக்குப் போனார். எங்களுக்கு இரண்டாவது பிக். ஆம், இப்போது இருக்கிற அதே இரண்டாவது பிக்.

அதில் வில்சனை எடுக்க வைத்தது எது தெரியுமா? எல்லோருக்கும் நினைவிருப்பது ஒரே ஒரு எறிதான். 2021 மார்ச், கல்லூரி மைதானம், எதிரே டிஃபென்ஸே கிடையாது. இடப்பக்கம் ஓடிக்கொண்டே உடம்புக்குக் குறுக்கே கையை வீசி நெடுந்தூரம் போட்ட ஒரு பந்து. அந்த வீடியோவை நான் பார்த்த தடவையை எண்ணினால் வீட்டில் சோறு போட மாட்டார்கள். அவ்வளவு அழகு! ஐந்தாவதாக, பந்தைப் பிடிக்கிற ரிசீவர் ஜமார் சேஸ் போனார்; ஏழாவதாக, குவார்ட்டர்பேக்கைக் காக்கிற டாக்கிள் பெனே சூவல் போனார். இருவரும் பின்னால் நட்சத்திரங்கள். எங்களுக்கு வீடியோ.

2022 நவம்பரில் நியூ இங்கிலாந்தில் ஒரு ஆட்டம். 3-3 என்று இருந்ததைக் கடைசி நொடிகளில் ஒரு பன்ட் ரிட்டர்னில், அதாவது நாங்கள் உதைத்துவிட்ட பந்தை எதிரணி திருப்பித் தூக்கிக்கொண்டு ஓடியதில், விட்டு 10-3 என்று தோற்றார்கள். வில்சன் மொத்தமாக எறிந்தது 77 யார்டு. இரண்டாவது பாதி முழுக்க ஜெட்ஸ் அஃபென்ஸ் நகர்ந்தது 2 யார்டு. எங்கள் வீட்டு வரவேற்பறையே அதைவிட நீளம். ஆட்டம் முடிந்ததும் நிருபர் கேட்டார்: இந்த டிஃபென்ஸைக் கைவிட்டுவிட்டதாக நினைக்கிறீர்களா? பதில்: "இல்லை." அவ்வளவுதான். அன்றைக்கே லாக்கர் ரூம் கையை விட்டுப் போயிற்று. அவரையும் தனியாகக் குற்றம் சொல்ல மாட்டேன். தயாரில்லாத பையனை முதல் வாரமே களத்தில் இறக்கினால் வேறு என்ன நடக்கும்?

இப்போது 2026-க்கு வருவோம். முதல் பிக் லாஸ் வேகஸ் ரெய்டர்ஸ் கையில். கல்லூரி ஆட்டத்தின் பெரிய விருதான ஹைஸ்மன் கோப்பை வாங்கிய, இண்டியானா பல்கலைக்கழகக் குவார்ட்டர்பேக் ஃபெர்னாண்டோ மெண்டோசாவை அவர்கள் விடப்போவதில்லை. அடுத்தவர் என்று எல்லோரும் சொல்லிக்கொண்டிருந்த ஆரிகனின் டான்டே மோர், இன்னொரு வருஷம் கல்லூரியிலேயே இருக்கிறேன் என்று சொல்லிவிட்டார். புத்திசாலி. இரண்டாவது பிக் யாரிடம் இருக்கிறது என்று பார்த்திருப்பார். மிச்சம் இருப்பது அலபாமாவின் டை சிம்சன். நல்ல பையன்தான், ஆனால் தொடக்க ஆட்டக்காரராக ஆடியது ஒரே ஒரு சீசன். 2009-ல் மார்க் சான்செஸை இப்படித்தான் கல்லூரியில் 16 ஆட்டத் தொடக்கத்தை வைத்து ஐந்தாவது இடத்துக்குத் தாவி எடுத்தார்கள். அவருக்காவது அப்போது நாட்டிலேயே முதல் தரமான டிஃபென்ஸ் முதுகுக்குப் பின்னால் இருந்தது. இரண்டு வருஷம் அது சுமந்துகொண்டு போனது.

இன்றைக்கு டிஃபென்ஸ் இருக்கிற லட்சணத்தைச் சொல்கிறேன். 2025 சீசனில் 17 ஆட்டம். இன்டர்செப்ஷன் பூஜ்யம். எழுத்துப் பிழை இல்லை, பூஜ்யம்தான். என்.எஃப்.எல். வரலாற்றில் ஒரு முழு சீசனில் எதிரணி எறிந்த ஒரு பந்தைக்கூடப் பறிக்காத முதல் அணி. குத்துமதிப்பாகக் கையை நீட்டிக்கொண்டு நின்றாலே நாலைந்து வந்து விழுமே! எப்படி முடிந்தது இது?

எப்படி என்றால், 2025 நவம்பர் 4 அன்று ஒரே நாளில் டிஃபென்ஸின் இரண்டு தூண்களை, சாஸ் கார்ட்னரை கோல்ட்ஸுக்கும் குவின்னன் வில்லியம்ஸை டாலஸுக்கும் விற்றார்கள். இந்தப் பதினைந்து வருஷத்தில் சரியாக டிராஃப்ட் செய்த ஆட்கள் என்று விரல் விட்டால் வருகிற இரண்டு பேர். கார்ட்னருக்கு ஜூலையில்தான் 12 கோடி டாலருக்கு மேல் புது ஒப்பந்தம் போட்டிருந்தார்கள். மை காய்வதற்குள் மூட்டை கட்டி அனுப்பியாயிற்று. கோபம் வந்தது, இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் கிடைத்த விலை நல்ல விலை. கோல்ட்ஸிடமிருந்து 2026, 2027 முதல் ரவுண்டுகள், ரிசீவர் அடோனாய் மிட்சல். டாலஸிடமிருந்து 2027 முதல் ரவுண்டு, 2026 இரண்டாம் ரவுண்டு, டிஃபென்ஸ் ஆட்டக்காரர் மேஸி ஸ்மித். ஆக 2026 ஏப்ரலில் எங்கள் 2-ஆவது பிக், கோல்ட்ஸின் 16-ஆவது பிக், அப்புறம் இரண்டாம் ரவுண்டில் இரண்டு. 2027-ல் முதல் ரவுண்டில் மட்டும் மூன்று.

மூன்று! டான்டே மோர் அடுத்த வருஷம் வருவார். டெக்ஸஸின் குவார்ட்டர்பேக் ஆர்ச் மேனிங் இன்னும் கல்லூரியில்தான் இருக்கிறார், அவரும் வரலாம். யாரை வேண்டுமானாலும் துரத்திப் பிடிக்கத் தேவையான சரக்கு கையில் இருக்கும்போது, இந்த வருஷமே அவசரப்பட்டு ஏன் தொலைக்க வேண்டும்? டாக்கிள் இரண்டு பக்கமும் ஓரளவு தேறிவிட்டது: இடது பக்கம் ஓலு ஃபஷானு, வலது பக்கம் அர்மாண்ட் மெம்பு. இருவரும் முதல் ரவுண்டு. அணியில் ஒழுங்காகக் கட்டிய ஒரே சுவர் அதுதான். அதன் மேல் மிச்சத்தையும் கட்டி முடியுங்கள், பிறகு பையனைக் கூட்டி வாருங்கள்.

என்னைக் கேட்டால் இரண்டாவது பிக்கில் குவார்ட்டர்பேக்கை விரட்டிப் பிடிக்கிற ஆள் வேண்டும். ஒஹாயோ ஸ்டேட்டின் ஆர்வெல் ரீஸ், மயாமியின் ரூபன் பெய்ன், டெக்ஸஸ் டெக்கின் டேவிட் பெய்லி. மூவரில் எனக்கு ரீஸ். எதிரணிக் குவார்ட்டர்பேக் காலாட்டிக்கொண்டு நிதானமாக எறிந்தால் பின்னால் நிற்கிறவன் கையில் பந்து எப்படி வரும்? பூஜ்யத்துக்குப் பாதிக் காரணம் அங்கே இருக்கிறது. இதைச் சொன்னதும் பழைய ஆட்கள் வெர்னன் கோல்ஸ்டன் பெயரை எடுப்பார்கள். தெரியும், தெரியும். 2008, ஆறாவது பிக், அவரும் ஒஹாயோ ஸ்டேட், இதே வேலைக்குத்தான் எடுத்தார்கள், மூன்று சீசனில் ஒரு சாக் கூட இல்லை. பயமில்லாமலா சொல்கிறேன்?

16-ல் ஒரு ரிசீவர். எங்கள் முக்கிய ரிசீவர் காரெட் வில்சனுக்குப் (இவர் வேறு வில்சன்) பந்து எறிந்த குவார்ட்டர்பேக்குகளைப் பட்டியல் போட்டால் ஒரு கபடி அணி தேறும். 2025 சீசனில் அவர் முழங்காலும் போயிற்று. தனி ஆளாக எத்தனை நாள் சுமப்பார்? இரண்டாம் ரவுண்டில் டிஃபென்ஸின் கடைசிக் காவலுக்கு ஒரு சேஃப்டி, தடுப்பு லைனுக்கு ஒரு கார்டு. லைன்பேக்கர், டிஃபென்ஸிவ் டாக்கிள் எல்லாம் அதற்குக் கீழே பார்த்துக்கொள்ளலாம்.

2025 சீசனில் குறையில்லாத இடம் என்று ஒன்றே ஒன்றுதான் இருந்தது: உதைக்கிறவர். நிக் ஃபோக், அப்போது வயது 41. குறை சொல்ல முடியாமல் வேலை பார்த்த ஆள். கடைசியாக ஜெட்ஸ் ப்ளேஆஃப் போனபோது பெய்டன் மேனிங்கின் கோல்ட்ஸை 17-16 என்று கடைசி நொடியில் உதைத்து வீழ்த்தினாரே, அதே ஃபோக்தான். ஊரெல்லாம் சுற்றிவிட்டுத் திரும்பி வந்து, 2025-லும் அணியிலேயே நம்பகமான கால் அவருடையதாகத்தான் இருந்தது. சிரிப்பதா, அழுவதா?

அலுவலகத்தில், நியூயார்க்கின் இன்னொரு அணியான ஜயன்ட்ஸின் ரசிகர் ஒருவர் இருக்கிறார். அதே மெட்லைஃப் ஸ்டேடியம்தான், 2025-ல் அவர்களும் 4-13தான். ஆனாலும் இளம் குவார்ட்டர்பேக் ஜாக்சன் டார்ட் வந்ததிலிருந்து ஆள் நடையே மாறிவிட்டது. "உங்களுக்கும் ஒரு பையன் கிடைச்சா சரியாயிடும்" என்று தினமும் ஆறுதல் சொல்கிறார். 2025 டிராஃப்டில் டார்ட்டை அவர்கள் முதல் பிக்கிலா எடுத்தார்கள்? மூன்றாவது பிக்கில், குவார்ட்டர்பேக்கை விரட்டுகிற எட்ஜ் ரஷர் அப்துல் கார்ட்டரை எடுத்துவிட்டு, பிறகு 25-ஆவது இடத்துக்கு ஏறி வந்துதான் டார்ட்டை எடுத்தார்கள். அதைத்தானே நானும் கத்திக்கொண்டிருக்கிறேன்!

டிராஃப்ட் 2026 ஏப்ரல் 23, வியாழக்கிழமை இரவு, பிட்ஸ்பர்க். ஆமாம், அதே பிட்ஸ்பர்க்தான். இரண்டாவது பிக்காக மேடையில் ஒரு குவார்ட்டர்பேக் பெயர் மட்டும் வரட்டும், டிவியை அணைத்துவிட்டுப் படுத்துவிடுவேன். சரி, அணைக்க மாட்டேன். 16-ஆவது வேறு இருக்கிறதே.