சீடோர்ஃபுக்கு மிலான் செய்தது அநியாயம்

கால்பந்து வீரர் க்ளாரன்ஸ் சீடோர்ஃப் பேச்சு வந்தாலே "ஆட்டக்காரராகப் பெரிய ஆள்தான், ஆனால் பயிற்சியாளராகத் தேறவில்லை" என்று ஒரே வரியில் முடித்துவிடுகிறார்கள். எனக்கு இது பொறுக்கவே இல்லை.

சூரினாமின் பாராமரிபோவில் பிறந்து, நெதர்லாந்தில் வளர்ந்து, 16 வயதிலேயே ஆம்ஸ்டர்டாம் கிளப்பான அயாக்ஸின் முதல் அணியில் இறங்கியவர். 1995இல் வியன்னாவில் ஏசி மிலானைத் தோற்கடித்து அயாக்ஸ், ஐரோப்பிய கிளப்புகளின் மிகப்பெரிய போட்டியான சாம்பியன்ஸ் லீக்கின் கோப்பையைத் தூக்கியபோது வயது 19. அடுத்து இத்தாலியில் சம்ப்டோரியா, அங்கிருந்து ரியல் மாட்ரிட், 1998இல் இரண்டாவது கோப்பை, அதுவும் ஆம்ஸ்டர்டாமிலேயே. அப்புறம் இன்டர் மிலான். அந்த இன்டர், ஃபிரான்செஸ்கோ கோகோ என்ற ஆட்டக்காரரை வாங்கிக்கொண்டு இவரை அதே ஊர் எதிரணியான ஏசி மிலானுக்குக் கொடுத்தது! மிலானில் பத்து வருடம், 2003, 2007 என்று இன்னும் இரண்டு கோப்பைகள். மூன்று கிளப்புகளோடு அந்தக் கோப்பையை வென்ற முதல் ஆள் இவர்தான். பிர்லோவும் கட்டூசோவும் இருந்த அந்த நடுக்களத்தில், எந்தப் பக்கம் போட்டாலும் பந்தைக் காலை விட்டு விலகவிடாமல் இவர் ஆடியதைப் பார்த்தவர்களுக்கு நான் சொல்லவே வேண்டாம்.

கடைசியாக பிரேசிலில் போட்டாஃபோகோவுக்கு ஆடிக்கொண்டிருந்தவரை 2014 ஜனவரியில் மிலான் பயிற்சியாளராகக் கூப்பிட்டது. சஸ்ஸுவோலோ என்ற சின்ன அணியிடம் 4-3 என்று தோற்று, அதுவரை பயிற்சியாளராக இருந்த அல்லெக்ரி வேலை இழந்த நேரம். இத்தாலிய லீக்கின் முதல் பாதியில் 19 ஆட்டங்களில் மிலான் எடுத்திருந்தது வெறும் 22 புள்ளிகள். பெரும்பாலும் அதே அணியை வைத்துக்கொண்டு, பயிற்சியாளராக முன்அனுபவமே இல்லாமல், அடுத்த 19 ஆட்டங்களில் சீடோர்ஃப் எடுத்தது 35. இன்டரையும் 1-0 என்று ஜெயித்தார். சாம்பியன்ஸ் லீக்கில் அட்லெடிகோ மாட்ரிட்டிடம் மோசமாகத் தோற்றது உண்மைதான், ஆனால் அந்த வருட அட்லெடிகோ ஸ்பெயின் சாம்பியன், இறுதிப்போட்டி வரை போன அணி. ஜூனில் இவரை அனுப்பிவிட்டார்கள். பதிலுக்கு வந்த முன்னாள் மிலான் ஆட்டக்காரர் ஃபிலிப்போ இன்சாகிக்கும் பெரிய அணிகளை நடத்திய அனுபவம் கிடையாது. அடுத்த சீசனில் மிலான் 57 புள்ளிகளிலிருந்து 52க்கு இறங்கி, எட்டாம் இடத்திலிருந்து பத்தாம் இடத்துக்குப் போனது. சரி, இப்போது சொல்லுங்கள், யார் தேறவில்லை?

அதற்குப் பிறகு கிடைத்ததெல்லாம் அரைகுறை வேலைகள். சீனாவில் ஷென்சென் கிளப் சில மாதங்கள். 2018இல் ஸ்பெயினில் ஏற்கனவே மூழ்கிக்கொண்டிருந்த டெபோர்டிவோ லா கொருன்யா, 16 ஆட்டங்களில் இரண்டே வெற்றி, கீழ் லீக்குக்கு இறங்கியது. அங்கே அவர் சறுக்கினார், அதை மறைக்கப் போவதில்லை. பிறகு முன்னாள் நெதர்லாந்து ஆட்டக்காரர் க்ளூய்வெர்ட்டைத் துணைக்கு வைத்துக்கொண்டு கேமரூன் தேசிய அணி. 2019 ஆப்பிரிக்கக் கோப்பையில் நைஜீரியாவுக்கு எதிராக 2-1 என்று முன்னிலையில் இருந்து 3-2 என்று தோற்றதும் அந்த வேலையும் போனது.

நான்கு வேலைகளில் ஒன்றில்கூட ஒரு முழு லீக் சீசனைத் தொடக்கத்திலிருந்து கடைசி வரை நடத்த விடவில்லை. கறுப்பினப் பயிற்சியாளர்களுக்கு ஐரோப்பாவில் கதவு திறப்பதில்லை என்று அவரே வெளிப்படையாகப் பேசியிருக்கிறார், நான் அதை முழுதாக நம்புகிறேன். பெரிய பெயர் உள்ள வேறு எத்தனையோ முன்னாள் ஆட்டக்காரர்கள் இதைவிட மோசமான கணக்கோடு இரண்டாவது, மூன்றாவது நல்ல கிளப் வாங்கியிருக்கிறார்கள். 19 ஆட்டம், 35 புள்ளி எடுத்தவருக்கு ஏன் ஒரு இத்தாலிய கிளப்கூடத் திரும்பக் கதவைத் திறக்கவில்லை?