டச்சு கூட்டுச்சொற்களில் அழுத்தம் எங்கே?
இரண்டு அல்லது அதற்கு மேற்பட்ட சொற்கள் சேர்ந்த டச்சு கூட்டுச்சொல் எவ்வளவு நீண்டாலும் அழுத்தம் முதல் அசையில்தான் விழும் என்று ஒரு கருத்து உண்டு. அது முழுதும் சரியல்ல. பெரும்பாலும் ஓங்கி ஒலிப்பது முதல் உறுப்புச்சொல். ஆனால் அது தனியே நிற்கும்போது எந்த அசை அழுத்தம் பெறுமோ, அதே அசையில். பல்கலைக்கழகத்தைக் குறிக்கும் 'யூனிவெர்சிடைட்' கடைசி அசையான 'டைட்'டில் ஓங்கும். நூலகத்தையும் சேர்த்து 'யூனிவெர்சிடைட்ஸ்பிப்லியோடேக்' என்று மூச்சு வாங்க நீட்டினாலும் முதன்மை அழுத்தம் அங்கேயே நிற்கும். முதல் உறுப்பு ஓரசைச் சொல்லாக இருந்தால் அந்த முதல் அசை விதி பொருந்துவதுபோல் தோன்றும். குழப்பம் அதனால் வந்திருக்கலாம். அங்கும் விலக்கு உண்டு: நகர மன்றமான 'ஸ்டட்ஹௌஸ்' இரண்டாம் உறுப்பில் ஓங்கும். விக்சனரி என்ற இணைய அகராதியில் இந்தச் சொற்களின் ஒலிக்குறிப்பைப் பாருங்கள். மேலே நிற்கும் சிறு செங்குத்துக் கோட்டை அடுத்து வருவதே அழுத்த அசை.