விலையை மட்டும் எழுதினால் போதுமா?

சில்கோஜா என்ற பைன் மர விதைப் பருப்பு ஏன் இவ்வளவு விலை என்று உங்கள் கட்டுரையில் எழுதியிருக்கிறீர்கள். சத்து, ருசி எல்லாம் வந்துவிட்டது; மரத்தைப் பற்றி ஒரு வரிகூட இல்லையே என்று மனசு கஷ்டப்பட்டது.

இமாச்சலப் பிரதேசத்தின் கின்னௌர் மாவட்டத்தில், ரெக்காங் பியோ பக்கம் இந்தப் பைன் மரங்களைப் பார்த்திருக்கிறேன். பட்டை அப்படியே நம் கொய்யா மரம்தான். தகடு தகடாக உரிந்து, உள்ளே சாம்பலும் பச்சையுமாக வழவழவென்று இருக்கும். சுமார் 1,800 முதல் 3,300 மீட்டர் உயரத்தில், மழை குறைந்த பாறைச் சரிவுகளில்தான் வளரும். ஆப்கானிஸ்தான், பாகிஸ்தான் மலைகளிலும் உண்டு.

விதைகளை உள்ளே வைத்திருக்கும், காய் போன்ற இதன் கூம்பு முற்ற இரண்டு வருஷம் ஆகும். அதை விரியும் முன்பே, பிசின் ஒட்ட ஒட்டப் பச்சையாகப் பறிக்கிறார்கள். எட்டாவிட்டால் கிளையையே ஒடிக்கிறார்கள். அடுத்த வருஷத்துப் பிஞ்சு அந்தக் கிளையில்தானே இருக்கிறது! விதை மண்ணில் விழுந்தால்தானே முளைக்கும்? தப்பி முளைத்ததையும் ஆடு மேய்ந்துவிடுகிறது. நான் நடந்த சரிவில் பெரிய மரங்கள்தான் நின்றன, ஒரு கன்றுகூடக் கண்ணில் படவில்லை.

அந்த ஊர் மக்களைக் குறை சொல்லவில்லை. அவர்களுக்கு அது வருஷ வருமானம். ஆனால் நல்ல மரங்களில் கொஞ்சம் கூம்பையாவது பறிக்காமல் விட வேண்டும். அடுத்த கட்டுரையில் இதையும் எழுதுங்கள் ஐயா.