வறண்ட வாயும் ஸ்டெம் செல் ஊசியும்

"ஜிப்மரில் புற்றுநோய்க்கு ரேடியேஷன் முடித்து வாய் வறண்டுபோனவர்களுக்கு ஒரே ஸ்டெம் செல் ஊசி போதும், பழையபடி உமிழ்நீர் சுரக்கும்" என்று மேலே ஒரு அண்ணன் எழுதியிருக்கிறார். அப்படி இல்லை அண்ணே.

உமிழ்நீர்ச் சுரப்பியில் ஸ்டெம் செல், அதாவது புதுச் செல்களை உருவாக்கும் மூலச் செல், இருப்பது உண்மைதான். நெதர்லாந்தின் குரோனிங்கன் ஆய்வாளர்கள் 2008இல் அவற்றைச் செலுத்தி, கதிர்வீச்சால் கெட்ட சுரப்பியை மறுபடி சுரக்க வைத்தார்கள். ஆனால் எலிகளில்! மனிதர்களுக்கு இன்னும் சோதனைக் கட்டம்தான். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் (ஐசிஎம்ஆர்) 2017 வழிகாட்டுதல்படி இத்தகைய ஊசியை அனுமதி பெற்ற ஆய்வில் மட்டுமே போடலாம்.

இப்போதே பயன்படும் விஷயம் வேறு. காதுக்கு முன்னால் இருக்கும் பரோடிட் சுரப்பியில் இந்தச் செல்கள் உமிழ்நீரை வெளியே கொண்டுபோகும் பெரிய நாளங்களை ஒட்டியே அதிகம் இருப்பதை 2015இல் அதே குழு காட்டியது. அங்கே கதிர் கூடினால் சுரப்பு குறைகிறது. அதனால் சிகிச்சை தொடங்கும் முன்பே, ஐஎம்ஆர்டி (கட்டியின் வடிவத்துக்கு ஏற்பக் கதிரின் அளவை மாற்றிச் செலுத்தும்) முறையில் சுரப்பிக்குப் போகும் கதிரைக் குறைக்க முடியுமா என்று டாக்டரிடம் கேளுங்கள். கட்டி ஒட்டியிருந்தால் முடியாமலும் போகலாம்.

ஏற்கெனவே முடித்தவர்களா? பல் சொத்தையாகாமல் இருக்க ஃப்ளோரைடு பேஸ்ட், பல் டாக்டர்; டாக்டர் எழுதினால் உமிழ்நீரைத் தூண்டும் பைலோகார்பின் மாத்திரை. கடலூரிலிருந்து பஸ் ஏறிப் போய் ஊசிக்கு லட்சக்கணக்கில் கட்டாதீர்கள். முறையான ஆய்வு என்றால் ஊசிக்குக் காசே கேட்கக் கூடாது.