பில் நம்பரில் இருந்த உறுத்தல்

"மனசு சொல்றதைக் கேள்" என்று யாராவது அறிவுரை சொன்னால் எனக்கு எரிச்சல்தான் வரும். எந்த மனசு? காலையில் ஒன்றும் சாயங்காலம் ஒன்றும் பேசுகிற மனசா? ஆனாலும் ஒரு தடவை அது சொன்னதைக் காதில் போட்டுக்கொள்ளாமல் விட்டதற்கு இன்றைக்கும் எனக்கு வருத்தம் உண்டு.

அப்போது கணக்குப் பிரிவில் பில் சரிபார்ப்பது என் வேலை. ஒரு சப்ளையரின் பில் மாதாமாதம் வரும். தொகை சரி, வரி சரி, கையெழுத்தும் சரி. ஆனால் அதைக் கையில் எடுத்தாலே ஏதோ நெருடும். மேலாளரிடம் போய் "சார், இதில் என்னவோ சரியில்லை" என்றால், "எது சரியில்லை?" என்று கேட்பார். அதற்கு என்னிடம் பதில் இல்லை. அந்த ஒரு கேள்விக்குப் பயந்துகொண்டு ஒரு வருடத்துக்கு மேல் எல்லாவற்றையும் பாஸ் பண்ணினேன்.

தணிக்கைக்கு வந்தவர் அரை நாளில் பிடித்துவிட்டார். பில் எண்கள் வரிசையாக இருந்தன. ஒரு மாதம் 41, அடுத்த மாதம் 42, அதற்கடுத்து 43. அப்படியென்றால் அந்த சப்ளையருக்கு எங்களை விட்டால் வேறு வாடிக்கையாளரே கிடையாது! பேருக்கு ஒரு நிறுவனம். சரக்கு வராமலே பணம் போயிருக்கிறது.

வெட்கமாக இருந்தது. அந்த எண்களை நானும்தான் பார்த்திருக்கிறேன். ஆயிரக்கணக்கில் பில் பார்த்துப் பழகிய கண்ணுக்கு, மற்ற சப்ளையர்களின் எண்கள் மாதத்துக்கு மாதம் தாவிப் போகும் என்பது தெரியும். தாவாத எண்ணைக் கண்டதும் உறுத்தியிருக்கிறது. வாய்க்குத்தான் வார்த்தை கிடைக்கவில்லை. உள்ளுணர்வு என்று நாம் பெரிதாகப் பேசுவதில் பாதி இதுதான் என்று நினைக்கிறேன். காரணம் இருக்கும், நமக்கு இன்னும் வந்து சேர்ந்திருக்காது.

அதற்கப்புறம் நான் எதிர்ப்பக்கம் சாய்ந்தேன். ஆள் எடுக்கும் நேர்காணலில்கூட உட்கார்ந்ததும் "இவர் சரிப்படுவார், அவர் மாட்டார்" என்று தீர்ப்பு சொல்ல ஆரம்பித்தேன். நான் அடித்துச் சொல்லி எடுத்தவர்களில் இரண்டு பேர் மூன்று மாதம்கூடத் தாங்கவில்லை.

உள்ளுணர்வை எப்போது நம்பலாம் என்பதில் எதிரெதிர் கட்சியாக இருந்த இரண்டு உளவியலாளர்கள், டேனியல் கானமன், கேரி கிளைன், 2009-இல் சேர்ந்தே ஒரு கட்டுரை எழுதினார்கள். கிளைன் தீயணைப்பு வீரர்களின் உள்ளுணர்வை ஆராய்ந்து மதித்தவர். கானமன் அதைச் சந்தேகப்பட்டவர். இருவரும் ஒத்துப்போன இடம் இது: வேலையில் ஓர் ஒழுங்கு இருக்க வேண்டும், நம் கணிப்பு சரியா தப்பா என்று திரும்பத் திரும்பத் தெரிந்து கற்றிருக்கவும் வேண்டும். பில்லில் எனக்கு இரண்டும் இருந்தன. நேர்காணலில்? நான் வேண்டாம் என்று அனுப்பியவர்கள் வேறு இடத்தில் போய் எப்படி வேலை செய்தார்கள் என்று எனக்குத் தெரியவே தெரியாது. எதிலிருந்து கற்றேன் என்று அவ்வளவு திமிராகத் தீர்ப்பு சொன்னேன்?

இன்னொரு சிக்கல், பயமும் உள்ளுணர்வு வேஷத்தில் வரும். அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய். "எனக்கென்னவோ தோணுது, இது வேண்டாம்" என்று நான் ஒதுக்கிய பல விஷயங்களில் வெறும் பயம்தான் பேசியிருக்கிறது. இப்போது எனக்கு நானே ஒன்று கேட்டுக்கொள்கிறேன்: இந்த உறுத்தல் எதைப் பற்றியது? அன்றைக்கு நெருடல் பில்லைப் பற்றியது. பயம் என்னைப் பற்றியது, என்னை என்ன நினைப்பார்கள் என்பதைப் பற்றியது. எப்போதும் இவ்வளவு சுலபமாகப் பிரிந்துவிடாது, ஆனாலும் பாதி நேரம் உதவுகிறது.

பயம் போனபிறகு பேசலாம் என்று காத்திருந்தால் அது போகாது. 1983 செப்டம்பர் 26 அன்று சோவியத் அதிகாரி ஸ்டானிஸ்லாவ் பெட்ரோவ் முன்னால், அமெரிக்கா ஐந்து ஏவுகணைகளை ஏவிவிட்டதாகக் கணினி அலறியது. போர் தொடங்குபவன் ஐந்தோடு நிறுத்த மாட்டான், இந்தக் கருவியும் புதுசு என்று யோசித்து, பொய் எச்சரிக்கை என்றே மேலதிகாரிகளிடம் சொன்னார். மேகத்தில் பட்ட வெயிலைத்தான் செயற்கைக்கோள் ஏவுகணை என்று நினைத்திருந்தது. அந்த நேரத்தில் தனக்கு நிச்சயம் இல்லை, பாதிக்குப் பாதிதான் என்று பின்னாளில் அவரே சொன்னார். நம்முடைய பயமெல்லாம் அதன் முன்னால் எந்த மூலைக்கு?

இப்போது நான் "தப்பு" என்று சொல்வதில்லை. "இது எனக்கு நெருடுகிறது, காரணம் தெரியவில்லை, இரண்டு நாள் கொடுங்கள்" என்கிறேன். இப்படிச் சொல்லி ஒருமுறை நேர்மையான சப்ளையரின் பணத்தை நிறுத்திவைத்து, மன்னிப்பும் கேட்டாயிற்று. அலுவலகத்தில் ஒரு மாதம் என்னை ஓட்டினார்கள்.

போன வாரம் மறுபடி ஒரு பில். எண்ணெல்லாம் ஒழுங்காகத் தாவுகிறது, ஆனாலும் உறுத்துகிறது. இரண்டு நாள் கேட்டு மெயில் போட்டிருக்கிறேன். அனுப்பும்போது விரல் சில்லிட்டுப் போயிருந்தது. இன்னும் பதில் வரவில்லை.